தாத்தாவின் ஓட்டல், பேரனின் கோபுரம்

லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு இரவுப் பேருந்தில் போகாதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ரயில் டிக்கெட் விலையைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை. கடைசி நேரத்தில் வாங்கினால் அந்த ஊரில் ரயில் என்பது பணக்காரர் வாகனம். அப்போது ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தி மகன் ஒரு யோசனை சொன்னான். "அண்ணே, ராத்திரி பஸ்ல போனா டிக்கெட்டும் மலிவு, ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். காலையில ஃப்ரெஷ்ஷா போய் இறங்கலாம்."

ஃப்ரெஷ்ஷாக! எங்கள் சீட் கடைசிக்கு முந்திய வரிசை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை; பேருந்து திரும்பும்போதெல்லாம் கதவு தானாகத் திறந்து, எல்லோருக்கும் வாசனையை வழங்கிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. ஹீட்டர் ஒன்று கொதித்தது, இல்லாவிட்டால் அணைந்தது. முன் சீட்டுக்காரர் வினிகர் ஊற்றிய மீனும் சிப்ஸும் பிரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சாப்பிட்டார். நடு இரவில் நெடுஞ்சாலையோர ஓய்விடம் ஒன்றில் ஓட்டுநர் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே டீ குடிக்கப் போனால், நம்ம ஊரில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் காசு கேட்டார்கள். வெளியே நின்று நடுங்குவது இலவசம் என்பதால் அதையே செய்தோம். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, எதற்காக இந்த அவஸ்தை? நான் திருச்சியில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கிறவன். முதலாளி, அவர் மகன், மருமகன் மூவரும் ஒரே கூரையின் கீழ் தொழில் செய்கிறார்கள். யார் யாருடைய வரைபடத்தைத் திருத்தலாம் என்பதில் வாரத்துக்கு ஒரு சண்டை. அதைப் பார்த்துப் பார்த்து, குடும்பமாக ஆர்க்கிடெக்ட் தொழில் செய்தவர்களின் கதை என்றால் எனக்கு ஒரு தனி ருசி. இங்கிலாந்தில் அப்படி ஒரு குடும்பம் ஸ்காட் குடும்பம். அதில் மூன்றாம் தலைமுறைக்காரர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டு அவர் வரைந்தது. இப்போது டேட் மாடர்ன் கலைக்கூடமாக இருக்கும் பழைய மின் நிலையம் அவருடையது. வாட்டர்லூ பாலம் அவருடையது. இத்தனையையும் பக்கவாட்டில் செய்துகொண்டே, 22 வயதில் பிடித்த ஒரு வேலையைச் சாகும்வரை விடாமல் செய்தார். அந்த வேலைதான் லிவர்பூல் கதீட்ரல்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் உத்தேசம். ஆனால் பார்த்துவிட்டு வந்த சூட்டில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், வரிசை எவ்வளவு தூரம் தாங்குமோ.

லண்டனில் ஆரம்பிப்பதுதான் முறை. செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் செயின்ட் பாங்க்ராஸ் பழைய தேவாலயம் இருக்கிறது. கட்டணம் இல்லை, கூட்டம் இல்லை. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜான் சோன் என்ற பழைய ஆர்க்கிடெக்ட் தன் மனைவிக்காகக் கட்டி, பின்னால் தானும் அடங்கிய கல்லறை ஒன்று உண்டு. நாலு தூண், அதன் மேல் தட்டையாக வளைந்த ஒரு மூடி. அந்த மூடியைப் பார்த்த உடனே தம்பி, "அண்ணே, இது போன் பூத்து மண்டைல்ல?" என்றான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டெலிபோன் கூண்டின் கூரையை ஜைல்ஸ் இதைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று பலரும் சொல்கிறார்கள். அவர் சோன் மியூசியத்தின் அறங்காவலராகவும் இருந்தவர்.

அந்தக் கூண்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 1924இல் நடந்த போட்டியில் ஜைல்ஸின் வரைபடம் வென்றது. அவர் கேட்டது இரும்புத் தகடு, வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம். தபால் துறை வார்ப்பிரும்பில் செய்து சிவப்பு அடித்துவிட்டது. உலகமே தெரிந்து வைத்திருக்கும் அந்தச் சிவப்பு வரைந்தவர் விருப்பமே இல்லை! வாடிக்கையாளர் கடைசி நிமிஷத்தில் நிறத்தை மாற்றினால் எங்கள் முதலாளி மூன்று நாள் பேசமாட்டார். ஜைல்ஸ் என்ன செய்தார்? 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி இன்னும் சிறிதாக, மலிவாக ஒன்று வரைந்து கொடுத்தார். கே6 என்று பெயர். ஊர் ஊராகப் போய் நின்றது அதுதான். மாதிரிக்காக மரத்தில் செய்த முதல் கூண்டு பிக்காடில்லியில் ராயல் அகாடமியின் நுழைவாயில் வளைவுக்குள் இன்னும் நிற்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே வந்துவிடலாம். வழியில் கவனியுங்கள்: 1860களில் மிட்லண்ட் ரயில்வே பாதை போட்டபோது இந்தக் கல்லறைத் தோட்டத்தை வெட்டிக்கொண்டுதான் போனார்கள், கல்லறைகளைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். அப்படி வந்த ரயிலுக்காக எழுந்ததுதான் நிலையத்தின் முகப்பில் இருக்கும் பிரம்மாண்டமான மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல். வரைந்தவர் ஜைல்ஸின் தாத்தா, சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். செங்கல்லில் இவ்வளவு ஆட்டம் போட முடியும் என்று இதைப் பார்க்கும்வரை நான் நம்பியதில்லை. கூர் வளைவுகள், சிறு கோபுரங்கள், ஒரு மணிக்கூண்டு, புகைபோக்கிகள் என்று எங்கே கண்ணை வைத்தாலும் ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது. தம்பிக்குக் கண் கூசியது.

தாத்தா சாதாரண ஆள் இல்லை. 1811இல் ஒரு பாதிரியாருக்குப் பிறந்து, ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் விடுதிகளை வரைவதில் தொடங்கி, கடைசியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கட்டியோ திருத்தியோ முடித்தவர். இங்கிலாந்தில் எந்தப் பழைய கதீட்ரலுக்குப் போனாலும் அவர் கை பட்டிருக்கும். மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமும் ராஜாபாய் கோபுரமும் இவர் வரைந்தவை. இந்தியாவுக்கு வராமலே, லண்டனிலிருந்து வரைபடம் அனுப்பியே முடித்துவிட்டார். ஒரு முறை ஏதோ ஒரு ஊரில் ரயிலைவிட்டு இறங்கி, எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய், தன் அலுவலகத்துக்கே தந்தி அடித்துக் கேட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. இப்படிப்பட்ட முதலாளியிடம் வேலை பார்த்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

1878இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் அடக்கம் செய்தார்கள். தொழில் மகன்கள் கையில் வந்தது. இரண்டாவது மகன் ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் அப்பா பாதியில் விட்ட வேலைகளையெல்லாம் பொறுமையாக முடித்துக் கொடுத்தவர். குடும்பத் தொழில் என்றால் இப்படி ஒருவர் இல்லாமல் நடக்காது, பெயரும் கிடைக்காது. லண்டன் பேஸ்வாட்டரில் இருக்கும் கிரேக்க சபையின் செயின்ட் சோஃபியா அவர் சொந்தமாக வரைந்தது. மூத்தவர், அதாவது ஜைல்ஸின் அப்பா, ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் ஜூனியர். இவர்தான் குடும்பத்திலேயே கைத்திறன் மிகுந்தவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் குடி. மனநிலையும் சரிந்தது. 1880களில் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சட்டப்படியே அறிவித்துவிட்டார்கள். நாரிச் நகரில் 1882இல் அவர் தொடங்கிய பெரிய தேவாலயத்தை 1910இல் முடித்தது தம்பி ஜான் ஓல்ட்ரிட்தான். அங்கேயும் அவர்தான்!

1897இல் அப்பா ஸ்காட் செத்துப்போனார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற இதே மிட்லண்ட் கிராண்ட் ஓட்டலில். தன் அப்பா கட்டிய ஓட்டலில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்து, ஈரல் கெட்டு. ஜைல்ஸுக்கு அப்போது 16 வயது. நினைவு தெரிந்து அப்பாவைப் பார்த்தது இரண்டே தடவை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்றபோது எனக்கு இது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி போனில் அந்த ஓட்டலின் ஒரு நாள் வாடகையைத் தேடிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அறையோடு சேர்ந்த குளியலறை இல்லாத பழைய ஏற்பாட்டால் 1935இல் மூடிய ஓட்டல் இது. 1960களில் இடிக்கப் பார்த்தார்கள், பலர் போராடித் தடுத்தார்கள். 2011இல் மறுபடி ஓட்டலாகத் திறந்தது. இப்போது குளியலறை இருக்கிறது, எங்களிடம்தான் காசு இல்லை.

ஆக, தொழிலை மகனுக்குச் சொல்லித்தர அப்பா இல்லை. சொல்லித்தந்தது அம்மா என்றுதான் சொல்ல வேண்டும். ஜைல்ஸையும் தம்பி ஏட்ரியனையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு சசெக்ஸ் பக்கத்துக் கிராமத் தேவாலயங்களைச் சுற்றிக் காட்டியவர் அவர். பையன்கள் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். 1899இல் ஜைல்ஸை டெம்பிள் மோர் என்பவரிடம் வேலை பழகச் சேர்த்தார்கள். அந்த மோர் யார்? அப்பா ஸ்காட்டிடம் தொழில் கற்றவர். அப்பாவின் கை இப்படிச் சுற்றிக்கொண்டு மகனுக்கு வந்து சேர்ந்தது.

இனி லிவர்பூல். விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். கதீட்ரல் திறக்கப் பத்து மணி ஆகும் என்றதால், கண்ணில் பட்ட ஒரு காபிக் கடையில் ஒரே ஒரு காபி வாங்கி இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு பொழுதைத் தள்ளினோம். அப்புறம் சீனர் தெருவின் அலங்கார வளைவைத் தாண்டி மேட்டில் ஏறினால், செயின்ட் ஜேம்ஸ் மவுண்ட் என்ற குன்றின் மேல் அது நிற்கிறது.

புகைப்படத்தில் பார்த்து மனதில் வைத்திருந்த அளவை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நீளம் 189 மீட்டர். கோபுரம் 101 மீட்டர். உலகத்திலேயே நீளமான கதீட்ரல் இதுதான். கல் முழுவதும் அருகிலிருக்கும் உல்டன் சுரங்கத்துச் சிவப்பு மணற்கல். கிட்டே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்; உப்புத்தாள் போல நறநறக்கிறது. ஈரம் பட்ட இடம் ஈரல் நிறத்தில் கறுத்திருக்கிறது, வெயில் விழுந்த இடம் இளஞ்சிவப்பு. ஒரே சுவரில் இத்தனை நிறமா என்று கிட்டப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பசி.

இதற்கான போட்டிக்கு 103 பேர் மனு போட்டிருந்தார்கள். ஐந்து பேரை வடிகட்டி, கடைசியில் 1903இல் ஜைல்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 22 வயது. தனியாக ஒரு கட்டடமும் கட்டியதில்லை. இதுவரை என்ன வரைந்திருக்கிறாய் என்றால், புகைக்குழாய் வைக்கும் ஸ்டாண்டு ஒன்று என்று பதில் சொன்னதாகக் கதை. இன்னொரு சிக்கல், பையன் கத்தோலிக்கன். கட்டப்போவது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபையின், கதீட்ரல். ஊரில் முணுமுணுப்பு கிளம்பத்தானே செய்யும்? கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. போட்டியின் நடுவர்களில் ஒருவரான ஜார்ஜ் பாட்லியையே கூட்டு ஆர்க்கிடெக்டாகத் தலைக்கு மேல் உட்கார வைத்துவிட்டார்கள். பாட்லி யார் என்றால், தாத்தா ஸ்காட்டிடம் தொழில் பழகியவர், அப்பா ஸ்காட்டுக்கு நண்பர். சிபாரிசில் வந்த வேலையா என்று தம்பி கேட்டான். எங்கள் அலுவலகத்தில் இருந்துகொண்டு நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சிபாரிசு ஒருவனுக்கு ஒரு வேலையைத்தான் வாங்கித்தரும். இந்தக் கோபுரத்தை வரைந்து தராது.

பாட்லியோடு ஒத்துப்போகவில்லை. அவர் அமெரிக்காவில் வாஷிங்டன் கதீட்ரல் வேலைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஜைல்ஸ் ராஜினாமா செய்யும் நிலைக்கு வந்திருந்த 1907இல் பாட்லி இறந்துபோனார். அதற்குப் பிறகு முழுப்பொறுப்பும் இவருக்கு.

இந்த இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளே போனதும் பெரிய மண்டபத்தில் வாய் பிளந்து நிற்காமல், முதலில் கிழக்கு ஓரத்தில் படி இறங்கி லேடி சாப்பலுக்கு, அதாவது மாதாவுக்கான சிறு ஆலயத்துக்கு, போங்கள். 1910இல் முதலில் முடிந்த பகுதி அதுதான். கூரையில் கல் விலா எலும்புகள் குறுக்கும் நெடுக்கும் பின்னுகின்றன, சுவர் முழுக்கச் செதுக்கல், எழுத்து, பூ. பாட்லியின் வாசனை நன்றாகவே தெரிகிறது. அழகுதான், ஆனால் மூச்சு முட்டும். அப்புறம் மேலே ஏறிப் பெரிய மண்டபத்துக்கு வாருங்கள். சுவரெல்லாம் வெறும் கல், செதுக்கல் அங்கொன்று இங்கொன்றுதான். வெறுமையையே வைத்து வேலை செய்திருக்கிறார். சாப்பலைத் திறந்த அதே 1910இல், அஸ்திவாரம் போட்டு ஆறு வருஷம் ஆன பிறகு, தன் பழைய வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கமிட்டி முன்னால் வைத்தார் ஜைல்ஸ். பழையதில் இரட்டைக் கோபுரம். புதியதில் நடுவில் ஒற்றைக் கோபுரம், அதன் கீழே பிரம்மாண்டமான வெட்டவெளி. கமிட்டி ஒத்துக்கொண்டது! முப்பது வயதுகூட நிரம்பாதவன் பேச்சைக் கேட்டு, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் திட்டத்தையே மாற்றிய அந்தக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

1924இல் பாடகர் குழு அமரும் பகுதி முடிந்து அர்ப்பணம் நடந்தபோது அவருக்கு சர் பட்டம். டெலிபோன் கூண்டும் அதே வருஷம்தான். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து லேடி சாப்பலின் கண்ணாடிகள் நொறுங்கின, வேலை நிற்கவில்லை. 1942 பிப்ரவரியில் கோபுரத்தின் கடைசி உச்சிக்கல்லை ஜைல்ஸ் தன் கையாலேயே வைத்தார். கீழே ஊர் பாதி இடிந்து கிடக்கிறது, மேலே இவர் கல் வைக்கிறார்.

உள்ளே நுழைய டிக்கெட் கிடையாது, இஷ்டப்பட்டால் உண்டியலில் போடலாம். கோபுரத்துக்கு மட்டும் கட்டணம். எங்களுக்குள் ஒரு சிறு மாநாடு நடந்தது. "அண்ணே, கீழேயிருந்தே தெரியுதே?" என்றான் தம்பி. கொடுங்கள், யோசிக்காதீர்கள். இரண்டு லிஃப்ட் மாறி, அப்புறம் 108 படி. லிஃப்டுக்கும் படிக்கும் நடுவில் மணிகள் தொங்கும் கான்கிரீட் கூட்டை எட்டிப் பார்க்கலாம். நடுவில் தொங்கும் கிரேட் ஜார்ஜ் மணி மட்டுமே 14 டன்னுக்கு மேல். உச்சியில் மெர்சி நதி, கப்பல் துறை, எதிர்க்கரை, தூரத்தில் வேல்ஸ் மலைகள். காற்று ஆளைத் தள்ளுகிறது. எங்கள் மொத்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகப் பெறுமானம் கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

பிடிக்காததும் உண்டு. மேற்கு வாசலுக்கு மேல் ட்ரேசி எமின் என்ற கலைஞரின் இளஞ்சிவப்பு நியான் எழுத்து எரிகிறது. கலை என்கிறார்கள். எனக்கு ஜவுளிக்கடை போர்டு மாதிரி இருந்தது. மேற்குக் கோடியே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜைல்ஸ் 1960இல் இறந்தபின் காசு தட்டுப்பாட்டில் அவர் வரைந்த முகப்பை எளிமையாக்கி, 1978இல்தான் வேலையை முடித்தார்கள். 1904இலிருந்து கணக்குப் போட்டால் 74 வருஷம். அவர் மட்டும் உழைத்தது 57 வருஷம்.

அவருடைய கல்லறையைத் தேடினோம். உள்ளே இல்லை. கத்தோலிக்கர் என்பதால் தான் கட்டிய கதீட்ரலுக்குள் இடம் இல்லை; மேற்கு வாசலுக்கு வெளியே மனைவியோடு அடக்கம். அவர் திட்டப்படி அங்கே ஒரு முகமண்டபம் வந்திருந்தால் கல்லறை அதன் நிழலில் இருந்திருக்கும். முகமண்டபம் வரவே இல்லை. வண்டி நிறுத்தவும் வண்டிப் பாதைக்குமாக அந்த இடம் போய், கல்லறை கீழே மறைந்துவிட்டது. 2012இல்தான் மறுபடி அடையாளக்கல் வைத்தார்கள். நாங்கள் போனபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அதன் பக்கத்தில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தது. உள்ளே கோபுரத்துக்கு நேர் கீழே தரையில் வட்டமாக ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். பலர் அதன் மேல் நின்று அண்ணாந்து செல்ஃபி எடுக்கிறார்கள். கீழே யார் பெயர் என்று குனிந்து பார்த்தவரை நான் பார்க்கவில்லை.

இதோடு கதை முடியவில்லை. கதீட்ரலை விட்டு வெளியே வந்தால் ஹோப் ஸ்ட்ரீட். நேராக நடந்தால் மறு கோடியில் கத்தோலிக்கப் பேராலயம். கூடாரத்துக்கு முள்முடி வைத்தது போன்ற வட்டக் கட்டடம். லட்யன்ஸ், ஆம், புதுதில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ், இதற்கு வரைந்த பிரம்மாண்டத் திட்டம் 1933இல் தொடங்கி, நிலத்தடி மண்டபத்தோடு நின்றுபோனது. காசு இல்லை. 1953இல் அதைச் சுருக்கித் தரச்சொல்லி யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஜைல்ஸின் தம்பி ஏட்ரியன் கில்பர்ட் ஸ்காட்டை! சைக்கிளில் பின்னாலேயே வந்த அதே தம்பி. அவர் வரைந்து கொடுத்தார், ஆளாளுக்குத் திட்டினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ஃப்ரெடரிக் கிப்பர்டு புதிதாக வரைந்து 1967இல் திறந்தார்கள். கிப்பர்டு கத்தோலிக்கர் அல்ல. தெருவின் இந்தக் கோடியில் கத்தோலிக்கர் கட்டிய ஆங்கிலிக்கன் கதீட்ரல், அந்தக் கோடியில் கத்தோலிக்கர் அல்லாதவர் கட்டிய கத்தோலிக்கப் பேராலயம். அண்ணன் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலுமாகத் தெரு முழுவதையும் ஒரு குடும்பம் பிடித்திருக்கும், கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. ஏட்ரியன் அண்ணனோடு சேர்ந்து, குண்டில் அழிந்த பிரிட்டிஷ் மக்களவை மண்டபத்தை 1950இல் மறுபடி கட்டி முடித்தவர்தான். லிவர்பூலில் அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை.

அப்போது மழை பிடித்தது. டாக்சி எடுத்தோம். எடுத்திருக்கக்கூடாது என்பதில்லை, அந்த டாக்சியை எடுத்திருக்கக்கூடாது. மீட்டர் ஓடவில்லை என்றார் ஓட்டுநர், நியாயமாகக் கேட்பேன் என்றார், உங்கள் ஊர் கிரிக்கெட் பிரமாதம் என்றார். நதிக்கரையில் எங்கள் விடுதி ஒரு மைல்தான் என்று போன் சொல்கிறது. அவர் ஊரை ஒரு பிரதட்சிணம் வந்தார். கதீட்ரல் கோபுரம் ஜன்னலில் ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். இறங்கும்போது கேட்ட தொகையைச் சொல்ல மாட்டேன், எங்கள் அம்மா இதைப் படிப்பார். தம்பி ஆங்கிலத்தில் சண்டை போட்டான். லிவர்பூல் உச்சரிப்பில் வந்த பதில் எங்கள் இருவருக்குமே புரியவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டார். லிவர்பூலில் மழை பெய்தால் நனையுங்கள். சட்டை காய்ந்துவிடும்.

அன்று ராத்திரியைக் காப்பாற்றியது ஸ்கவுஸ். ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ போட்டு, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தோடு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த குழம்பு. அந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்கவுசர் என்ற பெயரே இதனால்தான். உருளைக்கிழங்கில் பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியிருந்தது, மீதி விரலால் தொட்டால் உடைந்தது. காரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, மிளகு மட்டும். பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். அதை ஒரு வாய், குழம்பு ஒரு வாய் என்று மாற்றிச் சாப்பிட வேண்டும். நான் ஊறுகாய் கேட்க வாயெடுத்து, ஒரு கரண்டி தின்றதும் மறந்துவிட்டேன். தட்டு நிறைய, ரொட்டியோடு, விலையும் கட்டுப்படி. தம்பி இரண்டாவது தட்டு வாங்கினான். பேருந்து யோசனைக்காக அவன் மேல் இருந்த கோபம் ஏறக்குறைய அங்கே தீர்ந்தது.

லண்டன் திரும்பியதும் டேட் மாடர்ன் போனோம். நுழைவு இலவசம் என்பது முதல் காரணம், ஜைல்ஸ் இரண்டாவது. பேங்க்சைட் மின் நிலையமாக அவர் வரைந்த கட்டடம். 1981இல் மூடி, 2000இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். 99 மீட்டர்ப் புகைபோக்கியை எதிர்க்கரையிலிருக்கும் செயின்ட் பால் கதீட்ரலின் உயரத்தை மிஞ்சாதபடி வைத்திருக்கிறார். செங்கல் சுவரைப் பாருங்கள், நீள நீளமான ஜன்னல்களைப் பாருங்கள். லிவர்பூலில் கல்லில் செய்ததையேதான் இங்கே செங்கல்லில் செய்கிறார்: பெரிய வெறும் சுவர், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அலங்காரம். உள்ளே மாட்டியிருந்த ஓவியங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பழைய டர்பைன் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததே போதுமாக இருந்தது.

நாலாம் தலைமுறையும் உண்டு. ஜைல்ஸின் மகன் ரிச்சர்ட் கில்பர்ட் ஸ்காட் லண்டனின் பழைய நகர மண்டபமான கில்டுஹாலின் கலைக்கூடத்தை வரைந்தவர், 1999இல் திறந்தது. குண்டில் எரிந்த பழைய கில்டுஹால் மண்டபத்துக்குப் புதுக்கூரை போட்டது அப்பா, பக்கத்துக் கட்டடம் மகன். நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் மட்டும் விட்டுப்போயிற்று. 1934இல் ஜைல்ஸ் கட்டிய கோபுரம் அங்கேயும் இருக்கிறது. எனக்கு விமான டிக்கெட் தேதி வந்துவிட்டது, கையில் இருந்த பவுண்டும் தீர்ந்துவிட்டது. லண்டனில் இருப்பவர்கள் யாராவது போய்ப் பார்த்தால் எழுதுங்கள். ரயில் டிக்கெட் எவ்வளவு ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.